நல்லவரை எப்படிக் கேட்பது?

எங்கள் அலுவலகத்தில் ஆண்டு விழா என்றால் மதியச் சாப்பாட்டுக்கு நிர்வாக இயக்குநரே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்துவிடுவார். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒவ்வோர் இலை முன்னாலும் குனிந்து, பேர் சொல்லி, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டுப் பரிமாறுவார். அடுத்த அரை மணி நேரத்தில் அந்தப் படங்கள் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றும். மனிதவளத் துறையிலிருந்து யாராவது ஒருவர் 'தலைவன் என்பவன் முதல் தொண்டன்' என்று ஒரு வரி போடுவார். கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழும். இந்த ஆண்டும் அப்படித்தான். நானும் ஒரு கைகூப்பைப் போட்டேன். போட்டுவிட்டு அன்று முழுக்க ஏதோ நெருடிக்கொண்டே இருந்தது.

அவர் நடிக்கிறார் என்று சொல்ல மாட்டேன். இயல்பிலேயே தன்மையான மனிதர். வாட்ச்மேன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கேமரா இல்லாமல் போய் மொய் எழுதிவிட்டு வருகிறவர். நெருடலுக்குக் காரணம் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த கேள்வி நேரம். ஊழியர்களின் பெற்றோரை மருத்துவக் காப்பீட்டிலிருந்து இந்த முறை எடுத்துவிட்டார்கள். காலை டீ நேரத்தில் அதைப் பற்றித்தான் எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தோம். யார் எழுந்து கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்பதுவரை பேச்சு நடந்தது. மதியம் மைக் வரிசை வரிசையாக வந்தது. வந்த மைக்கை ஒவ்வொருவரும் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டார்கள். கடைசியில் யாரோ எழுந்து, "அடுத்த வருஷமும் இதே சமையல்காரரா சார்?" என்றார். அரங்கம் சிரித்தது, விழா முடிந்தது. இப்போதுதான் பாயசம் ஊற்றிவிட்டுப் போன மனிதரிடம் அப்பா அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி எப்படிக் கேட்பது?

பக்கத்து இருக்கை நண்பரிடம் இதைச் சொன்னேன். "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு குத்தம் தெரியும். என் பழைய கம்பெனியில முதலாளி எங்களோட ஒரே லிஃப்ட்ல கூட ஏற மாட்டார். இவர் குனிஞ்சு சோறு போடறார். இதுக்கு மேல ஒரு மனுஷன் என்னங்க செய்யணும்?" என்றார். நியாயமான கேள்விதான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் யோசித்துப் பார்த்ததில், இந்த நெருடல் எனக்குப் புதியது இல்லை என்பது தெரிந்தது. பள்ளிக்கூட வயதிலேயே ஒரு பால் சொசைட்டியின் திண்ணையில் இதைப் பார்த்திருக்கிறேன்.

சொசைட்டித் தலைவர்

ஈரோடு மாவட்டத்தில் அம்மிச்சியின், அதாவது அம்மாவின் அம்மாவின், ஊர். விடுமுறைக்குப் போனால் விடிவதற்கு முன்னால் பால் ஊற்றப் போவது என் வேலை. தூக்குவாளி குளிர்ந்து கை விறைக்கும். சொசைட்டி வாசலில் நமக்கு முன்னால் வந்தவர்களின் வாளிகள் வரிசை கட்டியிருக்கும். செகரட்டரி லாக்டோமீட்டரைப் பாலில் விட்டு டிகிரி பார்ப்பார். பிறகு ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் சாம்பிள் எடுத்து, எண் எழுதி, உள் அறைக்கு அனுப்புவார். கொழுப்பு எவ்வளவு என்று அங்கேதான் முடிவாகும். பாலோடு ஆசிட் சேர்த்து, கழுத்தில் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் அடைத்து, கையால் சுற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால், கொழுப்பு மட்டும் தனியாகப் பிரிந்து மஞ்சளாக மேலே ஏறி நிற்கும். எத்தனை கோடு ஏறியிருக்கிறதோ அதற்குத்தான் காசு. இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது அந்த அறைக்குள் ஊற்றுகிறவர்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அட்டையில் ஒரு எண் வரும். எங்கள் எருமைப் பாலுக்கு எழுதிய கொழுப்பும், பக்கத்துத் தோட்டத்து ஜெர்சிப் பாலுக்கு எழுதியதும் பல நாள் ஒன்றாகவே இருக்கும். எருமைப் பாலின் கெட்டி என்ன, ஜெர்சிப் பாலின் கெட்டி என்ன என்பது காபி போடுகிற யாருக்கும் தெரியும். அம்மிச்சிக்கும் தெரியும்.

சங்கத் தலைவர் ஊருக்கே செல்லப்பிள்ளை. ராத்திரி பிரசவ வலி என்றால் அவருடைய ஜீப்தான் போகும். எழவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து, கடைசி ஆளாகப் போவார். நோம்பிக்குப் பூசாரிக்கு வேட்டியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நோட்டும் அவர் செலவு. சங்கத் தேர்தல் என்று ஒன்று காகிதத்தில் உண்டு. ஒவ்வொரு முறையும் போட்டியின்றித் தேர்வு. அவரை எதிர்த்து நிற்பது என்பது அந்த ஊரில் கிட்டத்தட்டப் பாவம்.

கொழுப்புக் கணக்கைப் பற்றி அவரிடம் கேட்டால் என்ன என்று ஒருநாள் அம்மிச்சியைக் கேட்டேன். சாணி அள்ளிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவ்வளவு செய்யறவரைப் போயி எப்படிக் கண்ணு கேக்கறது?"

அந்தத் தலைவர் கெட்டவர் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. உள் அறையில் நடந்தது அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். அவர் ஊருக்குச் செய்தது அத்தனையும் உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அது வாயை அடைத்தது. திருடனாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து கேட்டிருப்பார்கள். தலைமை என்றால் சேவை என்று சொல்கிறவர்கள் இந்த இடத்துக்கு மட்டும் வருவதே இல்லை. வாங்கிக்கொள்கிறவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லாதபோது, செய்யப்படும் ஒவ்வொரு நல்லதும் அவர் மேல் ஒரு கடனாக ஏறுகிறது. கொடுக்கிறவர் அந்தக் கடனைக் கனவிலும் நினைக்காமல் இருக்கலாம். வாங்கியவருக்கு அது நினைவில் இருக்கும். தர்மப்பிரபுவிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

பாலைத் தெருவில் ஊற்றச் சொன்னவர்

2025இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் கூட்டுறவுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் அமைக்க நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. திரிபுவன் சஹகாரி பல்கலைக்கழகம் என்று பெயர். செய்தியைப் பார்த்துவிட்டு, யார் அந்தத் திரிபுவன் என்று எங்கள் அலுவலகத்தில் சிலர் கேட்டார்கள். அமுல் என்றதும் எல்லோர் வாயிலும் வருகிற பெயர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர் என்பதால் நமக்குக் கூடுதல் உரிமையும் உண்டு. அந்தக் குரியனை வேலைக்கு வைத்துக்கொண்ட மனிதரின் பெயர் திரிபுவன்தாஸ் பட்டேல். பால் சொசைட்டி என்ற சொல்லே எனக்குப் பழைய ஞாபகம் என்பதால் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவைத்திருந்தேன். என் நெருடலுக்குப் பாதி பதில் அங்கேதான் கிடைத்தது.

1945இல் பம்பாய் நகரத்துக்குப் பால் கொண்டுபோக ஒரு அரசுத் திட்டம் வந்தது. 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஆனந்திலிருந்து பாலை வாங்கி அனுப்பும் வேலை போல்சன் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. நகரத்தில் விலை ஏறியது, இடைத்தரகருக்கு லாபம் ஏறியது, எருமை வைத்திருந்தவருக்கு மட்டும் ஒன்றும் ஏறவில்லை. ஆனந்த் இருந்த கைரா மாவட்டத்து விவசாயிகள் சர்தார் பட்டேலிடம் போனார்கள். சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் வையுங்கள், அரசாங்கம் ஒத்துக்கொள்ளாவிட்டால் பால் கொடுப்பதை நிறுத்துங்கள் என்றார் அவர். நிறுத்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான், தாங்குவீர்களா என்றும் கேட்டுக்கொண்டார். மொரார்ஜி தேசாயை அனுப்பிவைத்தார். 1946 ஜனவரியில் சமர்க்கா என்ற ஊரில் கூட்டம் கூடியது. அதற்கப்புறம் 15 நாள் வேலைநிறுத்தம். வியாபாரிக்குக் கொடுப்பதைவிடத் தெருவில் கொட்டுவதே மேல் என்று கொட்டினார்கள். கைராவிலிருந்து பம்பாய்க்குச் சொட்டுப் பால் போகவில்லை. கடைசியில் பால்துறை அதிகாரிகளே ஆனந்துக்கு வந்து பார்த்து, கோரிக்கையை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

மாடு வைத்திருக்கும் வீட்டில் 15 நாள் பால் காசு வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். பருத்திக்கொட்டைக் கடன், மளிகைக் கடன், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் அந்தக் காசை நம்பித்தான் ஓடும். மாடு வேலைநிறுத்தம் செய்யாது. வேளைக்குக் கறந்தாக வேண்டும், தீவனம் போட்டாக வேண்டும். கறந்ததைக் கொட்டு என்று ஒருவர் வந்து சொன்னால், அதை ஊர் கேட்கிறது என்றால், அவர் அந்த ஊர்களில் எத்தனை திண்ணைகளில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும்! திரிபுவன்தாஸ் காந்தியின் பின்னால் போய்ச் சிறை சென்று வந்தவர், சுற்றுவட்டாரம் முழுவதும் நடந்து பழகியவர். ஊர் ஊராகப் போய்ச் சங்கம் வைக்கச் சொல்லிக் கேட்டவர் அவர்தான். 1946 டிசம்பரில் சங்கங்களின் ஒன்றியம் பதிவாகி, அவர் தலைவரானார். பின்னாளில் அமுல் என்று பெயர் வாங்கியது இந்த ஒன்றியம்தான். ஆரம்பம் இரண்டு கிராமச் சங்கங்கள், நாளொன்றுக்கு 247 லிட்டர். இன்றைக்கு எங்கள் தெருமுனைப் பால் பூத்தில் அதைவிடக் கூடுதலாக விற்கும் என்று நினைக்கிறேன்.

நண்பருக்குச் சொல்ல வேண்டிய முதல் பதில் இங்கே இருக்கிறது. மக்களுக்குத் தொண்டு செய்கிறவர் எப்போதும் எதையாவது கொடுத்துக்கொண்டே இருப்பார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். திரிபுவன்தாஸ் அந்த 15 நாளில் மக்களிடம் கேட்டார், அதுவும் இருப்பதிலேயே கஷ்டமானதை. கேட்டுப் பெற்றதில் தன் பங்குக்கு ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. அந்த நஷ்டத்துக்கு ஈடாக ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது அவருடைய அன்பளிப்பு எதுவும் அல்ல. சங்கத்தில் ஆளுக்கொரு ஓட்டு. ஒரு எருமை வைத்திருப்பவருக்கும் பத்து எருமை வைத்திருப்பவருக்கும் அதே ஒரு ஓட்டு. காலையில் ஊற்றிய பாலுக்குச் சாயங்காலம் காசு, சாயங்காலப் பாலுக்கு மறுநாள் காலையில் காசு, கொழுப்பு பார்த்துக் கணக்கு. யார் முதலில் வந்தாரோ அவர் வரிசையில் முன்னால். சாதி பார்த்து ஒதுங்கி நின்றவர்கள் ஒரே வரிசையில் வாளியோடு நின்றார்கள். இத்தனையும் இருந்தால் தலைவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே கொஞ்சம் பின்னுக்குப் போய்விடுகிறது. கணக்குக் கேட்பது அங்கே நன்றிகெட்டதனம் இல்லை.

கொட்டகையில் குடியிருந்த பொறியாளர்

திரிபுவன்தாஸின் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் 1949. குரியன் அந்த மே மாதம் ஆனந்துக்கு வந்தது ஒரு லட்சியத்தோடும் அல்ல. அரசு உதவித்தொகையில் அமெரிக்காவில் படித்ததற்கு ஈடாக, அரசு சொன்ன இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். சொன்ன இடம் ஆனந்தில் ஒரு பழைய அரசுப் பால் பண்ணை. கல்யாணமாகாத, கறி சாப்பிடும் மலையாளக் கிறிஸ்தவருக்கு அந்த ஊரில் யாரும் வீடு தரவில்லை. கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றில் தங்கினார். எப்போது விடுதலை கிடைக்கும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதே பண்ணையின் ஒரு பகுதியைத்தான் திரிபுவன்தாஸின் ஒன்றியம் வாடகைக்கு எடுத்திருந்தது. இயந்திரங்கள் ஓட்டை உடைசல். அடிக்கடி நின்றுவிடும். நின்றால் பால் திரிந்துபோகும். அப்போதெல்லாம் திரிபுவன்தாஸ் இந்த இளைஞரிடம் வந்து நிற்பார். இவர் போய் எதையாவது முடுக்கி ஓடவைத்துவிட்டு வருவார். ஒரு கட்டத்தில் குரியன் பொறுமை இழந்து, இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்றார். சொல்வது சுலபம். சங்கத்திடம் பணம் ஏது? திரிபுவன்தாஸ் உறவினரிடம் கடன் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் புதிய இயந்திரத்துக்கு பம்பாயில் ஆர்டர் போனது. இதற்குள் குரியனின் அரசு வேலை ராஜினாமா ஏற்கப்பட்டுவிட்டது. பெட்டி கட்டிக்கொண்டிருந்தவரிடம் திரிபுவன்தாஸ் கேட்டது ஒன்றுதான்: நீ சொல்லித்தானே வாங்கினோம், வந்ததும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போ. அந்தச் சில வாரங்கள் வாழ்நாள் முழுவதுமாக நீண்டன.

இந்த இடத்தை வீரக்கதையாகச் சொல்பவர்கள் குரியனின் பக்கமிருந்து சொல்வார்கள். தலைவரின் பக்கமிருந்து பார்த்தால் எனக்கு வேறு சில விஷயங்கள் தெரிகின்றன. திரிபுவன்தாஸ் காங்கிரஸ்காரர். அந்த மாவட்டத்தில் அவருக்குச் சொந்த பந்தம், சாதி சனம், கட்சிக்காரர்கள் ஏராளம். புதிதாக முளைத்த ஒரு நிறுவனத்தில் மேனேஜர் நாற்காலி காலி. நம்மூர் கூட்டுறவுச் சங்கம் எதையாவது அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, அந்த நாற்காலிக்கு எத்தனை சிபாரிசுக் கடிதம் வரும் என்று சொல்லத் தேவையில்லை. அதில் ஊரே வீடு கொடுக்காத ஒரு வெளியாளை உட்காரவைத்தார். உட்காரவைத்துவிட்டு அன்றாட நிர்வாகத்தில் மூக்கை நுழைக்கவில்லை. அரசியல்வாதிகள், அதிகாரிகள், கோபித்துக்கொண்ட கிராமத் தலைகள் என்று யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே வேலை நடந்தது. குரியன் கடைசிவரை இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

உள்ளே நடந்த வேலை லேசுப்பட்டதும் அல்ல. எருமை குளிர்காலத்தில் அள்ளிக் கொடுக்கும், கோடையில் கையை விரிக்கும். குளிர்காலத்து மிச்சப் பாலை பம்பாய் வாங்கிக்கொள்ளாது. பவுடராக்கினால்தான் விவசாயி தப்பிப்பார். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், அதைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குரியனின் நண்பர் ஹெச். எம். தலாயா அதைச் செய்துகாட்டினார். 1955இல் பவுடர் ஆலையை நேரு வந்து திறந்துவைத்தார். தலாயாவும் வெளியூர்க்காரர்தான். திறமையுள்ள ஆட்களைக் கூட்டிவந்து, அவர்களுக்கும் ஊர்ச் சண்டைக்கும் நடுவில் தன் உடம்பை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பதைப் படம் பிடிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் போட அதில் ஒன்றுமில்லை. 1963இல் மகசேசே விருது திரிபுவன்தாஸ், குரியன் இருவரோடு, ஒரு காலத்தில் எதிர்ப்பக்கம் இருந்த பம்பாய்ப் பால்துறையின் தாரா குரோடிக்கும் சேர்த்தே கிடைத்தது. அந்தப் படத்தில் நிற்கும்போது திரிபுவன்தாஸ் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

1964இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்துக்கு வந்து, அஜர்புரா என்ற கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் ராத்திரி தங்கினார். மண்ணிலும் மழையிலும் எருமையிலும் இந்த ஊருக்கென்று தனிச் சிறப்பு எதுவும் இல்லையே, பிறகு இங்கே மட்டும் எப்படி நடக்கிறது என்பது அவருடைய கேள்வி. பண்ணை விவசாயிகளுடையது, மேனேஜர் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதுதான் கிடைத்த பதில். தேசியப் பால்வள வாரியத்தை அடுத்த ஆண்டு டெல்லியில் வைக்காமல் ஆனந்திலேயே வைத்தார்கள். நான் விவசாயிகளின் ஊழியன் என்று குரியன் மேடைக்கு மேடை சொன்னது பணிவான பேச்சு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது அப்பட்டமான உண்மை. சம்பளம் அவர்கள் கொடுத்தது.

அப்படியானால் கையால் செய்யும் சேவைக்கு மதிப்பே இல்லையா என்று நண்பர் மறுபடி கேட்கக்கூடும். உண்டு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். டாக்டர் வி. சாந்தா 1955இல் அங்கே போய்ச் சேர்ந்தார். 2021 ஜனவரியில் இறக்கும்வரை அவருடைய உலகமே அந்த வளாகம்தான், குடியிருந்ததும் அங்கேதான். ஆனால் அவர் கையால் செய்தது அவருடைய வேலையை. வார்டில் நோயாளியைப் பார்ப்பதுதான் ஒரு மருத்துவரின் வேலை. வருடத்தில் ஒருநாள் சமையல்காரரின் வாளியை வாங்கிக்கொள்வது வேறு. நிர்வாக இயக்குநரின் வேலை காப்பீட்டுக் கணக்கில் இருக்கிறது. அங்கே அவர் எங்களுக்காக யாரோடு மல்லுக்கட்டினார், எதை விட்டுக்கொடுத்தார் என்று தெரிந்தால், சாம்பாரை நாங்களே ஊற்றிக்கொள்வோம்.

எழுந்து போவது

1970களின் தொடக்கத்தில் திரிபுவன்தாஸ் ஒன்றியத் தலைவர் பதவியிலிருந்து தானாகவே விலகிக்கொண்டார். பதவி விலகல் என்றதும் நமக்குக் காமராஜர் நினைவு வரும். அது கட்சிக்காக விலகியது, அதற்குள் வேறு கணக்குகளும் இருந்தன. இவர் விலகியதில் கணக்கு எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. கிராமச் சங்க உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு, லட்சக்கணக்கில் சேர்ந்த தொகையை அவரிடம் கொடுத்தார்கள். அதை வைத்து, தாய் சேய் நலத்துக்காக அவர் பெயரிலேயே ஒரு அறக்கட்டளை தொடங்கினார். பால் சங்கங்கள் உள்ள ஊர்களில்தான் அது வேலை செய்தது. வயதானதும் அந்த நாற்காலியையும் குரியனிடம் கொடுத்துவிட்டார். 1994இல் இறந்தார்.

குரியனால் இது முடியவில்லை. அவர்மேல் எனக்கு இருக்கும் மரியாதையோடுதான் இதைச் சொல்கிறேன். பால்வள வாரியத்தின் தலைவராக 1965 முதல் 1998 வரை, 33 ஆண்டுகள். தான் கொண்டுவந்த வாரிசோடு பிறகு பகிரங்கமாக மோதினார். அமுலை விற்கும் குஜராத் கூட்டமைப்பின் தலைவராக 2006 வரை இருந்தார். 84 வயதில், மாவட்ட ஒன்றியத் தலைவர்கள் அவருக்கு எதிராகத் திரண்ட பிறகு ராஜினாமா செய்தார். அப்போது நாளிதழ்களில் அதைப் படித்துவிட்டுக் கொதித்தவர்களில் நானும் ஒருவன். நாட்டுக்கே பால் கொடுத்தவரை இப்படியா அனுப்புவது என்று இருந்தது. எதிர்த்து நின்றவர்களில் கட்சி அரசியலும் கலந்திருந்தது என்று பலரும் எழுதினார்கள். இருந்திருக்கும். குஜராத்தில் கூட்டுறவு ஒன்றியத் தேர்தலுக்குள் கட்சி வந்து ரொம்ப நாளாகிவிட்டது.

ஆனால் அம்மிச்சி ஊர்ச் சொசைட்டியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கோபம் கொஞ்சம் தணிகிறது. குரியன் செய்ததில் நூறில் ஒரு பங்குகூடச் செய்யாத ஒரு தலைவரிடம் எங்கள் ஊரில் ஒரு கொழுப்புக் கணக்கைக் கேட்க முடியவில்லை. அங்கே, ஓட்டு வாங்கி வந்தவர்கள் குரியனிடமே போதும் என்று சொன்னார்கள். சொன்ன விதம் அசிங்கம், காரணங்களும் சந்தேகத்துக்குரியவை. இருந்தாலும் சொல்ல முடிந்தது. 1946இல் திரிபுவன்தாஸ் திண்ணை திண்ணையாகப் போய்க் கட்டியது இப்படி ஒன்றைத்தான். தான் கூட்டிவந்து காப்பாற்றிய மனிதர்மீதே ஒருநாள் அது திரும்பும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

இப்போது ஆனந்தில் குரியன் தொடங்கிய ஊரக மேலாண்மைக் கழகம்தான் திரிபுவன் பெயரில் பல்கலைக்கழகம் ஆகியிருக்கிறது. அதே கழகத்தின் தலைவர் பதவியையும் குரியன் 2006இல்தான் விட்டார். பாடத்திட்டத்தில் தலைமைப் பண்புக்கு எப்படியும் ஒரு தாள் இருக்கும். அதில் இந்த இரண்டு பேரின் கடைசி வருடங்களை ஒன்றாக வைத்துச் சொல்லித் தருவார்களா, இல்லை தலைவர்கள் வாளி தூக்கும் படத்தை மட்டும் போடுவார்களா, தெரியவில்லை. நண்பரிடம் இதையெல்லாம் சொன்னதற்கு, "எல்லாம் சரிங்க, நம்ம ஆபீஸ்ல யாருக்கு ஓட்டு இருக்கு?" என்றார்.